மூணு வயசுக்கு எழுதின துண்டு

இப்போது தோட்டத்தில் லயத்துக்கு லயம் இந்தியாவுக்குப் போகிற பாஸ்போர்ட் பேச்சாக இருக்கிறது. யார் வீட்டுக்குப் போனாலும் படம் பிடித்தாயிற்றா, பாரம் நிரப்பியாயிற்றா, கையெழுத்து வாங்கியாயிற்றா என்பதுதான் கேள்வி. போன வாரம் என் பேத்தி தன் படத்தைக் கொண்டுவந்து காட்டினாள். காது இரண்டும் தெரியவேண்டும் என்று படக்காரன் முடியை இழுத்துச் செருகச் சொன்னானாம். கள்ளச்சி மாதிரி இருக்கிறேன் என்று ஒரே அழுகை. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நம் வயசுக்காரர்கள் நாலைந்து பேர் இன்னும் மிச்சம் இருக்கிறோமே, உங்களுக்குத் தெரியும். நம் காலத்தில் படம் ஏது? வாயால் சொல்வதுதான் படம். உயரம் இவ்வளவு, நிறம் இப்படி, இன்ன இடத்தில் தழும்பு என்று ஒருத்தர் சொல்ல, இன்னொருத்தர் எழுதுவார். அந்தக் காகிதத்துக்குத் துண்டு என்று பேர். அதை மடியில் முடிந்துகொண்டு கடலைத் தாண்டுவோம்.

அப்படி ஒரு துண்டு எழுதின கதையைச் சொல்கிறேன், பொறுமை இருந்தால் கேளுங்கள். எனக்கு அப்போது எட்டு வயசு. முதல் பெரிய யுத்தம் முடிந்தும் அரிசி ஒழுங்காகக் கிடைக்காத சமயம். ரயில் கோச்சி பண்டாரவளையோடு நின்றுவிடும். பதுளைக்கு மிச்சத் தூரம் மாட்டுக் கரத்தைதான். எங்கள் தோட்டம் அப்புத்தளைக்குக் கீழே, ஹல்துமுல்லைப் பக்கமாக இறங்குகிற சரிவில் இருந்தது. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குக் கூப்பிடத் தப்பு அடித்தால், பனிமூட்டத்தில் அடிக்கிற ஆள் தெரியமாட்டான், சத்தம் மட்டும் வரும்.

லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் அப்பா, அம்மா, நான், கைப்பிள்ளையாக ஒரு தம்பி, கூடவே அத்தை. அத்தை அப்பாவின் சொந்தத் தங்கை. அக்கரையில் எங்கள் ஊரில் அவள் புருஷன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்ததும், ஆண்பிள்ளை எங்கள் வீட்டுப் பிள்ளை, நீ வேண்டுமானால் போய்க்கொள் என்று மாமனார் வீட்டார் மூன்று வயசுப் பையனை வைத்துக்கொண்டு அவளை அனுப்பிவிட்டார்கள். ஊருக்குப் போயிருந்த அப்பா தங்கையைக் கையோடு இங்கே அழைத்து வந்தார். அப்போது எனக்கு இரண்டு வயசு. அத்தை வந்த கையோடு கோயில் மலைக்குக் கவ்வாத்து வெட்டினார்களாம். தேயிலைச் செடியை மட்டமாக வெட்டிவிட்டு, அது துளிர்த்து, கொழுந்து கொடுத்து, கிழடு தட்டித் திரும்ப வெட்டுகிறவரைக்கும் மூன்று வருஷம் ஓடும். கோயில் மலை பிறகு இரண்டு தடவை வெட்டுப்பட்டது. வருஷத்தை நாங்கள் அப்படித்தான் எண்ணுவோம், உங்களுக்கும் தெரிந்ததுதானே.

அந்த வருஷம் ஐப்பசி மழை பிடிக்கிற சமயத்தில் ஊரிலிருந்து வந்த ஆள் ஒருவர் சேதி கொண்டுவந்தார். மாமனார் செத்துப்போனார். கொழுந்தன் குடும்பத்தோடு தை மாதம் பினாங்குக்குக் கப்பல் ஏறுகிறான். அதற்குள் வந்து பிள்ளையை வாங்கிக்கொள்வதானால் வாங்கிக்கொள், இல்லாவிட்டால் அவனும் எங்களோடு பினாங்குக்கு வந்துவிடுவான் என்று சொல்லியனுப்பியிருந்தான். அத்தை அந்த ஆளுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். ஊற்றிக்கொண்டே இருந்தாள், கோப்பை நிரம்பித் தரையில் ஓடின பிறகுதான் அம்மா கையைப் பிடித்து நிறுத்தினாள்.

அன்றிலிருந்து லயத்தில் எனக்கு நிம்மதி போயிற்று. அத்தை மகன் என்றால் சும்மாவா? மாப்பிள்ளை வருகிறார், பாயை விரி என்று பீலியடியில் தண்ணீர் பிடிக்கிற பெண்கள் எல்லாரும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். அத்தை அவனைப் பற்றிப் பேசும்போதெல்லாம், இடுப்பில் உட்கார்ந்தால் இறங்கமாட்டான், சோற்றை உருட்டிக் கையில் கொடுத்தால்தான் தின்பான் என்று சொல்லுவாள். இடுப்பை விட்டு இறங்காத பிள்ளையையா நான் கட்டிக்கொள்ள வேண்டும் என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அம்மாவிடம் போய் அழுதேன். போடி பைத்தியமே, அவன் உன்னைவிட ஒரு வயசு மூத்தவன் என்று அம்மா சொன்னாள்.

கங்காணி கார்த்திகையில் ஆள் கூட்ட ஊருக்குப் போகிறதாக இருந்தார். அத்தையைக் கூட்டிப்போய்க் கூட்டி வருவதில் அவருக்கு ஆட்சேபணை இல்லை. போகிறதில் தொந்தரவு கிடையாது, திரும்பி வருவதுதான் பெரிய பாடு என்று தோட்டத்துக் கிளாக்கர் சொன்னார். அக்கரையில் கப்பல் ஏறுமுன் மண்டபம் கேம்பில் எல்லாரையும் நிறுத்தி வைத்து நோய்நொடி பார்ப்பார்கள், காகிதம் பார்ப்பார்கள். அத்தைக்குத் தோட்டத்தில் பேர் இருக்கிறது, அவளுக்குத் தோட்டத் துண்டு போதும். பையனுக்குப் பேர் எங்கே இருக்கிறது? யார் யார் பிள்ளையையோ என் பிள்ளை என்று கூட்டி வருகிறவர்கள் இருப்பதால் கெடுபிடி அதிகம், பதுளைக்குப் போய்ச் சத்தியம் பண்ணி எழுதி வாங்கிக்கொண்டு வா என்றார்.

அதற்கு முன்னால் அம்மை குத்திக்கொள்ள வேண்டும், கையில் தழும்பு இல்லாவிட்டால் கேம்பில் நிறுத்திவிடுவார்கள். டிஸ்பென்சர் அத்தையின் தோளில் கீறி விட்டார். அது கொப்புளித்துக் காய்ச்சல் கண்டது. அம்மன் வந்திருக்கிறாள் என்று அத்தை கருவாட்டை நிறுத்தினாள், தாளிப்பதை நிறுத்தினாள், தலைக்கு எண்ணெய் வைப்பதை நிறுத்தினாள். எங்களையும் சேர்த்துப் பட்டினி போட்டாள். எங்கள் குளிரில் வேப்பமரம் ஏது? வெல்லவாய்ப் பக்கம் போன கரத்தைக்காரரிடம் சொல்லிவிட்டு ஒரு கொத்து வேப்பிலை வரவழைத்தாள். அது வந்து சேர்வதற்குள் புண் ஆறிவிட்டது. இருந்தாலும் வாசலில் செருகி வைத்து, காய்ந்து உதிரும்வரை எடுக்கவிடவில்லை.

பதுளைக்கு அப்பாவும் அத்தையும் புறப்பட்டபோது நான் அழுது அடம்பிடித்துத் தொற்றிக்கொண்டேன். அப்புத்தளைக்கு ஏறி, பண்டாரவளை வரை கோச்சி, அங்கிருந்து கரத்தை. பதுளையில் கோயில் மடத்தில் படுத்து எழுந்து, காலையில் அரசாங்கக் கச்சேரிக்குப் போனோம். வெராந்தாவில் ஏகப்பட்ட சனம். ஈரக் கம்பளியும் வெற்றிலையும் சேர்ந்த வாடை. அத்தை முந்தின நாள் துவைத்த சேலையைச் சரியாகக் காயாமலே கட்டியிருந்தாள். அவள் காலைக் கட்டிக்கொண்டு நின்ற எனக்கும் குளிர் எடுத்தது.

உள்ளே மேசைக்குப் பின்னால் வெள்ளைக்காரத் துரை ஒருவர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார். பக்கத்தில் யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர், எங்களிடம் தமிழில் கேட்டு அவருக்கு இங்கிலீஷில் சொல்லுகிறவர். நல்ல மனுஷன்தான், குரல் மட்டும் கண்டிப்பு.

"இஞ்சை பார் பிள்ளை, நீ கண்ணாலை கண்டதை மட்டும்தான் சொல்ல வேணும். கேட்டது, நினைச்சது ஒண்டும் சொல்லப்படாது. பிழையாச் சொன்னால் மறியலிலை போடுவினம். விளங்குதோ?"

அத்தை விளங்குதுங்க என்றாள். சத்தியம் பண்ணு என்று அவர் சொன்னதும் அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். கற்பூரம் இல்லை, சாமி படம் இல்லை. என்ன நினைத்தாளோ, சட்டென்று உள்ளங்கையை என் உச்சந்தலையில் வைத்து அழுத்தினாள். இந்தப் பிள்ளை தலைமேல் சத்தியமாகக் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்லுகிறேன் என்றாள். நம் சனத்தில் பிள்ளை தலையில் அடித்துப் பண்ணுகிற சத்தியத்துக்கு மேலே சத்தியம் கிடையாது. பொய் என்றால் அந்தப் பிள்ளையைக் கொண்டுபோய்விடும். 

வயசு என்ன என்று கேட்டார். மூணு வயசுங்க என்றாள். அப்பா இருமினார். உயரம் கேட்டார். அத்தை ஒரு கையை என் தலையிலிருந்து எடுக்காமல், மறு கையைத் தன் தொடைக்கு நேராகக் காற்றில் வைத்துக் காட்டினாள். மாநிறம் என்றாள். இடது புருவத்தில் அரிவாள்மணை வெட்டின தழும்பு, ஒரு நெல் நீளம் என்றாள். கேட்காமலே, சோற்றை உருட்டிக் கொடுத்தால்தான் தின்பான் என்றும் சொன்னாள். அதை ஐயா எழுதிக்கொள்ளவில்லை. பெருவிரலில் மை தடவி உருட்டினார்கள், முடிந்தது.

வெளியே வந்ததும் அப்பா தங்கையைப் பார்த்துச் சிரித்தார். இவ்வளவு கெட்டிக்காரியா நீ, எனக்குக்கூடத் தோன்றவில்லையே என்றார். மூன்று வயசு என்றால் மடியில் வைத்துக் கொண்டுவரலாம், டிக்கெட் கிடையாது, தோட்டத்தில் உடனே வேலைக்குப் பேர் போடச் சொல்லமாட்டார்கள். அப்பா அப்படிக் கணக்குப் போட்டுக்கொண்டார். அத்தை விரல் மையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே நடந்தாள். பொய்க்குப் பதறுகிறாள், வேறொன்றும் இல்லை என்று அப்பா நினைத்துக்கொண்டார்.

அங்கிருந்து கடைவீதிக்குப் போனோம். முஸ்லிம் முதலாளி ஒருவரின் ஜவுளிக்கடை. அத்தை சிவப்புப் புள்ளி போட்ட சீட்டித் துணியை எடுத்துத் தடவினாள். எத்தனை வயசுப் பிள்ளைக்கு என்று முதலாளி கேட்டார். அவள் அதே மாதிரி தொடையில் கையை வைத்துக் காட்டினாள். வளருகிற பிள்ளைதானே தங்கச்சி, ஒரு முழம் கூடவே வெட்டுகிறேன் என்று அவர் கத்திரிக்கோலைத் தள்ளிப் பிடித்தார். போதும் முதலாளி, இது அவனுக்குச் சரியாக இருக்கும் என்று அத்தை அவர் கையைத் தடுக்காத குறையாகச் சொன்னாள். கச்சேரிக்காரர் யாராவது கடையில் இருந்து கேட்டுவிடக்கூடாதே என்று நடிக்கிறாள் என்று அப்பா இதையும் எடுத்துக்கொண்டார். எனக்குப் பொறுக்கவில்லை. திரும்பும்போது கரத்தையில், அவன் என்னைவிட மூத்தவன் என்று அம்மா சொன்னாளே என்று கேட்டேவிட்டேன். வாயை மூடு என்று அப்பா அதட்டினார். அத்தை வெளியே வயலைப் பார்த்துக்கொண்டு வந்தாள், திரும்பவில்லை.

வழியெல்லாம் மழை. வீடு வந்து சேர்ந்த அன்றே எனக்குக் காய்ச்சல் அனலாய்க் கொதித்தது. பக்கத்தில் உட்கார்ந்து அம்மா கேட்கக் கேட்க, பதுளையில் நடந்ததை நான் ஒன்று விடாமல் சொன்னேன். தலையில் கை வைத்த இடத்துக்கு வந்ததும் அம்மா எழுந்துவிட்டாள். அத்தை அடுப்படியில் இருந்தாள்.

"உன் பிள்ளைக்கு என் பிள்ளை தலையிலயா பொய்ச் சத்தியம் பண்ணுவே? நீ நல்லா இருப்பியா?"

"பொய் இல்ல மதினி. பார்த்ததைத்தான் சொன்னேன்."

வாய்க்கு வக்கணையாகப் பேசாதே என்று அம்மா கத்தினாள். ஒன்பது வயசுப் பையனை மூன்று வயசு என்று சொல்வது பொய் இல்லாமல் வேறு என்ன என்று கேட்டாள். லயமே வாசலில் நின்று கேட்டது. அப்பா நடுவில் புகுந்து, டிக்கெட்டுக்காகச் சொன்னது, சாமி அதையெல்லாம் கணக்கில் எடுக்காது என்று சமாதானம் பண்ணப் பார்த்தார். அது எரிகிற அடுப்பில் இன்னும் நாலு விறகைச் செருகினதாயிற்று. அத்தை குடத்தை எடுத்துக்கொண்டு பீலிக்குப் போய்விட்டாள். என் பிள்ளையை இனித் தொடாதே என்று அம்மா பின்னாலிருந்து சொன்னாள்.

காய்ச்சல் நாலைந்து நாளில் இறங்கிவிட்டது, அம்மாவின் கோபம் இறங்கவில்லை. ஒரே காம்பராவில் இரண்டு அடுப்பு எரிந்தது. அத்தை வேலை முடிந்து வந்து வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து அந்தச் சட்டையைக் கையாலேயே தைத்தாள். இரண்டு சிப்பிப் பொத்தான் வைத்தாள். எங்கள் தம்பிக்குச் சற்றுப் பெரிதாகவும் எனக்கு ஒரு கைகூட நுழையாமலும் இருக்கிற சட்டை. புறப்படுகிற அன்று அதை மடித்துத் தகரப் பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தாள். அப்பாவும் நானும் அப்புத்தளை ஸ்டேஷன் வரை போனோம். அம்மா வரவில்லை. கோச்சி வந்ததும் அத்தை வழக்கம்போல என் தலையைத் தடவக் கையைக் கொண்டுவந்தாள், பாதியிலேயே நிறுத்தி இழுத்துக்கொண்டாள். அந்தக் கை அப்படிப் பின்னால் போனதைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது.

மார்கழி முடியப்போகிற சமயம் கங்காணி ஆட்களோடு வந்து சேர்ந்தார். அத்தை வரவில்லை. அவளையும் பையனையும் கேம்பில் நிறுத்திவிட்டார்கள், தோட்டத்துக்குக் கடுதாசி வரும் என்று சொன்னார். பொல்லாத பொம்பளை, கணக்குப் போட்டதெல்லாம் சரி, பையனை மடியில் மறைக்க முடியுமா என்று சிரித்துவிட்டுப் போனார். அதற்குள் கொழுந்தன் வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு நாகப்பட்டினத்துக்குக் கப்பலேறப் போய்விட்டானாம். பையனைத் திருப்பி அனுப்பினால் போக ஒரு வீடு கிடையாது. அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். யாரையும் பார்க்காமல் புடைத்துக்கொண்டே இருந்தாள்.

கடுதாசி வந்த அன்று அப்பாவை மலையிலிருந்து ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். அங்கே நடந்ததை அன்று சாயங்காலம் அவர் அம்மாவிடம் சொன்னதைத்தான் நான் சொல்கிறேன். தோட்டத்துத் துரை கடுதாசியைப் படிக்க, கிளாக்கர் தமிழில் சொன்னாராம். மூன்று வயசு ஆண்பிள்ளைக்கு எழுதின காகிதத்தில் இந்தப் பெண் பெரிய பையன் ஒருவனைக் கொண்டுவந்திருக்கிறாள். புருவத்தில் தழும்பு இருக்கிறது, மற்றதெல்லாம் பொருந்தவில்லை. இவன் வேறு யாருடைய பிள்ளையோ என்று கேட்டதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதியிருந்தார்கள்.

"அவன்தான் இவன். நான் வரத்தான் நாளாயிருச்சு."

காகிதத்தில் ஏன் மூன்று வயசு என்றதற்கு, கண்ணால் பார்த்ததை மட்டும்தான் சொல்லச் சொன்னார்கள், நான் அவனை மூன்று வயசில்தான் பார்த்தேன், பார்க்காத வயசை எப்படி என் அண்ணன் மகள் தலையில் அடித்துச் சொல்லுவேன் என்றாளாம். இது நிஜமா என்று தோட்டம் பதில் எழுத வேண்டும். இல்லையென்றால் பையனை வெளியே அனுப்பிவிடுவார்கள்.

அதைக் கேட்டதும் கதவைப் பிடித்துக்கொண்டேன் என்று அப்பா சொன்னார். பையனுக்கு என்ன வயசு என்று துரை கேட்டார். கிளாக்கர் தெரியாது என்று சொல்லிவிடச் சொல்லிக் கண்ணைக் காட்டினார். தெரியாது என்றால் பழி தங்கையோடு போய்விடும். தெரியும் என்றால் பதுளையில் பக்கத்தில் நின்று ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தாய் என்று கேள்வி வரும், வேலைக்கு ஆபத்து. அப்பா ஒன்பது வயசு என்று சொன்னார். அப்படியென்றால் உன் தங்கை பொய் சொல்லியிருக்கிறாள் என்றார் துரை.

"இல்லீங்க தொரை. அது விட்டுட்டு வந்தப்ப மூணு வயசு. நாங்கதான் அதைப் பொய்யின்னு நினைச்சு வாயை மூடிக்கிட்டு இருந்தோம். அது பொய் சொல்லலீங்க."

துரை பிறகு இங்கிலீஷில் ஏதோ சொல்லி எழுதச் சொன்னார். அந்தப் பையன் இவள் பிள்ளை இல்லை என்று தெரியவந்தால் குடும்பத்தோடு தோட்டத்தை விட்டு வெளியே போக வேண்டும் என்று எழுதின இடத்தில் அப்பா கைரேகை வைத்துவிட்டு வந்தார்.

அம்மா மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள். அப்பா சொல்லி முடித்ததும் அம்மியிலேயே தலையை வைத்து ஓவென்று அழுதாள். கணக்குப் பார்க்கத் தெரியாதவளா அவள், கோயில் மலைக்கு எத்தனை கவ்வாத்து என்று நம் எல்லாரையும்விட அவளுக்குத்தானே தெரியும், எனக்குப் புத்தி எங்கே போயிற்று என்று சொல்லிச் சொல்லி அழுதாள். மிளகாய்க் கையோடு கண்ணைத் துடைத்து அது வேறு எரிச்சல். அப்பா தண்ணீர் மொண்டு வந்து முகத்தில் அடித்தார்.

பதில் போய்ச் சேர்ந்து, அவர்களை விட்டு, கப்பல் ஏறி வர எத்தனை நாள் ஆகும் என்று யாருக்கும் தெரியாது. தைப்பொங்கல் வந்து போயிற்று. அம்மா வேலை முடிந்ததும் என்னை இழுத்துக்கொண்டு அப்புத்தளைக்கு ஏறிவிடுவாள். கோச்சி வந்து, சனம் இறங்கி, புகை கலைந்து போகிறவரை நின்று பார்த்துவிட்டு இறங்குவோம். ஸ்டேஷன் கடைக்காரர் எங்களுக்கென்றே இரண்டு தேத்தண்ணி போட்டு வைக்க ஆரம்பித்துவிட்டார்.

ஒரு நாள் கோச்சியிலிருந்து பனிமூட்டத்துக்குள் அத்தை இறங்கி வந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். அவளுக்குப் பின்னால் தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு பையன். என்னைவிட ஒரு சாண் உயரம். ஆடு மேய்த்த கால், முழங்காலெல்லாம் சிராய்ப்பு. இடது புருவத்துத் தழும்பு முகத்தோடு சேர்ந்து வளர்ந்து, புளியங்கொட்டை நீளம் ஆகியிருந்தது. இடுப்புப் பிள்ளையை எதிர்பார்த்துக்கொண்டிருந்த நான் அம்மாவுக்குப் பின்னால் ஒளிந்தேன். அம்மா என்னை முன்னால் இழுத்தாள். அத்தையின் கையைப் பிடித்து என் தலைமேல் வைத்தாள்.

"தொடு. உன் மருமகதானே. நல்லாத்தான் இருக்கா."

இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். பையன் பெட்டியை இறக்கி வைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம் அம்மாதான் அவனைப் பார்த்து, என்னப்பா சாப்பிட்டாய் என்று கேட்டாள். மறுநாளே காம்பராவில் ஒரு அடுப்பு ஆயிற்று.

இத்தோடு கதை முடிந்தது என்றுதான் அன்றைக்கு எல்லாரும் நினைத்தோம். பையன் வந்துவிட்டான், அதற்கு மேல் என்ன வேண்டும்? ஆனால் அவன் அத்தையை அம்மா என்றோ ஆத்தா என்றோ கூப்பிடவே இல்லை. இந்தாங்க, கேட்டீங்களா என்று எதையாவது சொல்லி ஒப்பேற்றுவான். கூச்சம், போகப் போகச் சரியாகிவிடும் என்றார்கள். ஆகவில்லை. வேலைக்குப் பேர் போட்டான், ஆளானான், மீசை வந்தது. பீலியடிப் பெண்கள் சொன்ன மாதிரியே என்னை அவனுக்கே கட்டியும் வைத்தார்கள். நல்ல மனுஷன், ஒரு குறை சொல்ல முடியாது. ஆத்தாளை மட்டும் கூப்பிடமாட்டார்.

கல்யாணமாகி வெகு நாள் கழித்து ஒரு தடவை கேட்டேன். அத்தை யாரிடமும் சொல்லாததை அவர் சொன்னார். அத்தை ஊரில் கொழுந்தன் வீட்டு வாசலில் போய் நின்றபோது அவர் ஆட்டைக் கட்டிக்கொண்டிருந்தாராம். அத்தை கையில் சிவப்புச் சட்டை. விளையாடிக்கொண்டிருந்த சின்னப் பிள்ளைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாளாம். பிறகு இவரிடமே வந்து, "தம்பி, இந்த வீட்டுல ஒரு சின்னப் பையன் இருப்பானே, எங்கப்பா?" என்று கேட்டாளாம். நான்தான் இருக்கேன் என்று இவர் சொல்லியிருக்கிறார். அத்தை இவர் முகத்தைப் பார்த்துவிட்டு, மறுபடியும் அந்தப் பிள்ளைகள் பக்கம் திரும்பிப் பார்த்தாளாம். அந்தத் திரும்பின பார்வையைத்தான் அவரால் மறக்க முடியவில்லை. எனக்கு அத்தையைத் திட்டவும் மனசு வரவில்லை, அவரைத் திட்டவும் மனசு வரவில்லை.

எங்கள் மூத்தவனுக்கு மூன்று வயசு ஆன சமயம். வேலை விட்டு வந்து நான் அடுப்படியில் இருந்தேன். அவர் வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தார், பையன் அவர் காலடியில் சிராய் பொறுக்கிக்கொண்டிருந்தான். அத்தை தகரப் பெட்டியைத் திறந்து அடியிலிருந்து அந்தச் சட்டையை எடுத்தாள். சிவப்புப் புள்ளி வெளுக்கவே இல்லை. பேரனைக் கூப்பிட்டாள். உள்ளே ஓடி வந்தவனுக்குப் போட்டு, இரண்டு பொத்தானையும் மாட்டினாள். அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. அவனைத் தன் பக்கத்தில் நிற்க வைத்து, தொடைக்கு நேராகக் கையை வைத்துப் பார்த்தாள். உள்ளங்கை அவன் உச்சந்தலையில் சரியாக உட்கார்ந்தது.

"இப்பத்தான் வந்தியாடா, ராசா?"

பிள்ளைக்கு என்ன தெரியும்? வாசலிலிருந்து வந்தவன்தானே. "ஆமா, இப்பத்தான் வந்தேன்" என்றான்.

வாசலில் கோடரிச் சத்தம் நின்றிருந்தது. நான் தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை, பார்த்தால் அழுதுவிடுவேன் என்று இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவர் உள்ளே வந்தார். கை கழுவினார். என்னைக் கடந்து போய் அத்தைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"ஆத்தா, பசிக்குது" என்றார்.

அத்தை எழுந்து வந்து, சட்டியில் இருந்த சோற்றைத் தட்டில் போட்டுக் குழம்பை ஊற்றிக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். பிசைந்து, ஒரு உருண்டை உருட்டி அவர் கையில் வைத்தாள். மீசை வைத்த ஆள் அதை வாங்கித் தின்றார்.